பூநாரை பார்க்கப் போன சிவசாமி

சமஸ்தானத்துக் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா சிவசாமிக்குப் பறவைப் பைத்தியம். திருக்கோகர்ணத்தில் அவர் பேரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியாது. குருவி குமாஸ்தா என்றால் வண்டிக்காரனே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவான். ஏலத்தில் எடுத்த பைனாகுலரும் கழுத்துமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் நிற்பார். இத்தனை பார்த்தும் பூநாரை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. கோடிக்கரைப் பக்கம் வருமாம். அவ்வளவு தூரம் போய்வர எந்த மேலதிகாரி லீவு கொடுத்தான்?

கந்தர்வக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை கண்ணாத்தாளின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அவள் புருஷன் உடையப்பனிடம் ஒரே விசாரிப்புதான். நீண்ட கழுத்து, வளைந்த மூக்கு, ரோஸ் இறகு, அப்படி ஏதாவது ஏரியில் இறங்கியதா? உடையப்பன் தங்கமான மனுஷன். விருந்தாளிக்குக் கறிச்சோறு போடாமல் அனுப்பினால் அவனுக்குத் தூக்கம் வராது.

யுத்தகாலத்து மார்கழியில், மச்சான் கேட்ட பறவை வந்துவிட்டது, உடனே புறப்பட்டு வரவும் என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினான். சிவசாமிக்குத் தலைகால் புரியவில்லை. மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு லீவு எடுத்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். அடுப்புக்கரியைப் போட்டு ஓட்டிய கரி பஸ் மேட்டுக்கு மேடு நின்று மூச்சு வாங்கியது. ஊர் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது.

நேரே ஏரிக்குப் போகலாம் என்றார். தங்கை விடவில்லை, இலை போட்டுவிட்டாள். பறவை எங்கேயும் ஓடிப்போகாது என்று உடையப்பனும் சிரித்தான். கறி கொஞ்சம் நாராக, மீன் வாடையோடு இருந்தது. ஆனாலும் பசி. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, குழம்பு பிரமாதம் என்று தங்கையிடம் மனசாரச் சொன்னார்.

கைகழுவக் கொல்லைப்பக்கம் போனவர் சொம்பைக் கீழே போட்டார். வேலியோரம் ஒரு குவியல் இறகு கிடந்தது. எல்லாம் ரோஸ் நிறம், நடுநடுவே கறுப்பு.

"நாந்தான் கண்ணி வச்சுப் புடிச்சேன், மச்சான்," என்றான் உடையப்பன். "எத்தன வருசமா கேக்குறீங்க, திங்கணும்னு வாயத் தொறந்து சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு. நம்ம வீட்டுக்கு வந்துட்டு ஆசப்பட்டத திங்காமப் போவீங்களா?"

சிவசாமி குனிந்து ஓர் இறகை எடுத்துப் பார்த்தார். ஒரு பறவையைச் சும்மா பார்ப்பதற்காக ஒருத்தன் பஸ் ஏறி வருவான் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! பார்த்தால் போதும் என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று யார் கண்டார்கள்? திட்டவும் வழியில்லை, எதிரே நின்றவன் முகமெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

ஏரியைப் பார்த்து நடந்தார். உடையப்பனும் கூடவே வந்தான். அங்கே, முழங்கால் தண்ணீரில் இன்னொரு பூநாரை நின்றது. ஜோடி போலிருக்கிறது. கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கத்திக்கொண்டே இருந்தது. சிவசாமி பைனாகுலரைத் தூக்கினார். கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அட, ஒண்ணு மிச்சமிருக்கே. இங்கிட்டே இருங்க மச்சான், ராத்திரிக்கு ஆவும். கண்ணிய எடுத்துக்கிட்டு வாரேன்," என்று உடையப்பன் திரும்பினான்.

பறவையைக் கண்டால் மூச்சுவிடவும் யோசிக்கிற சிவசாமி, வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். ஓவென்று கத்தினார். சேற்றை அள்ளி அள்ளி எறிந்தார். போய்த்தொலை, போய்த்தொலை என்று தொண்டை கிழியக் கூவினார். பறவை மிரண்டு தண்ணீரில் ஓடி, எழும்பி, கிழக்கே பறந்தது.

விரிந்த சிறகு எப்படி இருந்தது என்று பிற்பாடு யார் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் அடுத்த கை சேற்றுக்காகக் குனிந்திருந்தார்.