ஒரு டாலர் மேசை

மார்ட்டின் இத்துர்ரி இறந்து ஐந்து வாரம் கழித்து, சூதாட்ட விடுதி அவர் பெயருக்குக் கொடுத்திருந்த ஆட்டக் கணக்கு அட்டையை முடக்குவதற்காக அவர் மகள் மைட்டே ஸ்பார்க்ஸ் ஊருக்கு வந்தாள். சூதாட்ட இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவள் வேலை. நெவாடா முழுக்க அலைவாள். ஸ்பார்க்ஸில் இருக்கும் காப்பர் லாந்தருக்கு மாதம் ஒருமுறை, திங்கட்கிழமையில்.

காப்பர் லாந்தர் பெரிய சூதாட்ட விடுதி இல்லை. 1961-இல் ஒரு டயர்க் கடைக்காரர், காத்திருப்பவர்கள் சலித்துப்போகாமல் இருக்க காசு போட்டு ஆடும் ஆறு இயந்திரங்களை வைத்தார். இரண்டே வருடத்தில் டயர்கள் காணாமல் போயின. தாழ்ந்த கூரை, கம்பளம் முழுக்க சிகரெட் சுட்ட ஓட்டைகள். ஆனால் பன்றி இறைச்சியும் முட்டையும் நாள் முழுக்க மலிவு. காப்பி இலவசம். கையில் ஒரு டாலர் இருந்தால், கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் சீட்டு வாங்கும் ஆட்டத்துக்கு உட்காரலாம். பக்கத்து ரீனோவில் பதினைந்து கேட்பார்கள்.

அந்த மேசையில் முப்பத்தொரு வருடம் சீட்டுப் போட்டவர் மார்ட்டின். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற டூலியைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

“பதினெட்டு வெச்சுக்கிட்டு இன்னொண்ணு கேக்குறியே டூலி, ரயிலையும் இப்படித்தான் ஓட்டுனியா?”

“நீ போடுற சீட்டுக்கு ரயிலே கவுந்துரும்யா.”

“அவசரப்படாத. மெதுவாத் தோக்கத்தான இங்க வர்ற.”

சென்ற வருடம் நிர்வாகம் மேசையை எடுத்துவிட்டு, மார்ட்டினை வேலையிலிருந்து அனுப்பிவிட்டு, திரையில் தானே சீட்டுப் போடும் இயந்திரம் வாங்கியது. பொருத்தும் வேலை மைட்டேக்கு வந்தது. மறுத்திருக்கலாம். மறுத்தால் இன்னொருவர் பொருத்துவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொருத்தினாள். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார்.

“திருகாணிய இறுக்கமாப் போடும்மா. டூலி தோத்தா உதைப்பான்.”

அதன் பிறகு ஞாயிறுதோறும் தொலைபேசியில், ட்ரக்கி ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்வார். “ஒண்ணும் மாட்டல. ஆனா காத்து சொகமா இருக்கு.” கடைசியில் காப்பர் லாந்தரின் பின்புறத்து பெஞ்சில் அவர் இதயம் நின்றது. சாப்பிட வந்திருப்பார் என்று மைட்டே நினைத்துக்கொண்டாள். மேசையை மறந்து, ஆற்றங்கரையில் நிம்மதியாக இருந்துவிட்டுத்தான் போனார். அந்த ஒரு நினைப்புதான் இத்தனை நாளும் அவளைத் தூங்கவிட்டது.

இயந்திரத்தின் பதிவேட்டைத் திறந்து அவருடைய அட்டை எண்ணைத் தட்டினாள். எட்டு மாதப் பதிவு விரிந்தது.

செவ்வாய் முதல் சனி வரை. காலை பதினொன்றுக்குத் தொடக்கம். பந்தயம் எப்போதும் ஒரு டாலர். அறுபது நிமிடம் ஆட்டம், இருபது நிமிடம் இடைவெளி. மறுபடி அறுபது, மறுபடி இருபது. ஆறு நாற்பதுக்கு முடிவு.

ஆட வருகிறவர்கள் இப்படி எழுந்து போவதில்லை. இது சீட்டுப் போடுகிறவரின் வேலை நேரம். ஒரு மணி நேரம் நின்றால் இருபது நிமிடம் ஓய்வு.

பக்கத்து இயந்திரத்தில் வெர்னா இருந்தாள். தினமும் வரும் கிழவி.

“இங்கதான் இருந்தாரா?” என்றாள் மைட்டே.

“உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு கண்ணு.”

“உக்காந்து ஆடினாரா?”

“எங்க உக்காந்தாரு? நாற்காலிய ஓரமாத் தள்ளிட்டு நிப்பாரு. ‘எம்பொண்ணு மாட்டுனது, ஒரு தடவகூட மக்கர் பண்ணல’ன்னு எல்லார்கிட்டயும் சொல்வாரு.”

மைட்டே கடைசி நாளின் பதிவுக்குப் போனாள். பதினொன்று. பன்னிரண்டு இருபது. ஒன்று நாற்பது. இரண்டு நாற்பதுக்கு இடைவெளி. அதற்குக் கீழே எதுவும் இல்லை. பின்புறத்து பெஞ்சு, ஊழியர்கள் ஓய்வுக்கு உட்காரும் இடம்.

“மூணு மணிக்கு அவர் திரும்பி வரல வெர்னா. யாரும் தேடலையா?”

வெர்னா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கவனிக்கலம்மா. அன்னிக்கு நான் ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்.”