சஷ்டிக் காலத்துக் கொடுவா

இங்கிலாந்தின் கரையோரத்தில் கொடுவா கொழுத்துத் திரிவது புரட்டாதியிலும் ஐப்பசியிலும். எங்கள் வீடுகளில் மீன் சட்டியைக் கவிழ்த்து வைப்பதும் அதே மாதங்களில்தான். நவராத்திரி, பிறகு கேதார கௌரி, அது முடிந்த கையோடு கந்தசஷ்டி. இந்த மீனுக்கும் விரதத்துக்கும் நடுவில் என் அப்பா அகப்பட்டுக்கொண்டார்.

வெள்ளைக்காரர் இந்த மீனைப் பாஸ் என்கிறார்கள். ஊர்க் கொடுவாவும் இதுவும் ஒன்றல்ல என்று படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். அப்பா அதைக் கொடுவா என்றுதான் சொன்னார், அவருடைய நாக்கு அதை ஏற்றுக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும்.

அந்த வருடம் அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். லண்டன் ஹரோவில் அண்ணன் வீட்டு முன் அறையில் கட்டில் போட்டு அவரைக் கிடத்தியிருந்தோம். சோறு இறங்காது. தண்ணீராக ஏதாவது கொடுத்தால் நாலைந்து கரண்டி இறங்கும். ஒரு பின்னேரம் நான் பக்கத்தில் இருந்தபோது சொன்னார்:

"பிள்ளை, ஒரு கொடுவாச் சொதி குடிக்க வேணும்போல கிடக்கு. கடையில விக்கிற வளர்ப்பு மீன் வேண்டாம். கடல்ல பிடிச்சது."

எதையும் வாய்விட்டுக் கேட்காத மனிதர். சாகப்போகிற நேரத்தில் கேட்டது இந்த ஒன்றைத்தான். அவர் போவதற்குள் அதைக் கொடுத்துவிடவேண்டும் என்பதைத் தவிர அதன் பிறகு என் தலைக்குள் வேறொன்றும் இருக்கவில்லை.

மீன் பிடிக்க எனக்குத் தெரியும். கணவனை விட்டுப் பிரிந்த வருடம் தொடங்கிய பழக்கம் அது. அதுவரை நான்தான் ஏமாந்துகொண்டிருந்தேன், இன்னொரு உயிர் ஏமாறுவதைப் பார்க்க நன்றாக இருந்தது. அண்ணனுக்கு இது பெரிய தலைகுனிவு. ஜெர்மனியில் இருந்து இங்கே வந்து கடை போட்டு, வீடு வாங்கி, நாலு பேர் மதிக்கிற ஆள் அவர்.

"நாங்கள் மீன் தின்னுற ஆக்கள். பிடிக்கிற ஆக்கள் இல்லை. அதுவும் நீ பொம்பிளை. ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" என்பார்.

சாதித் திமிருக்கு மட்டும் விசா தேவைப்படுவதில்லை. அது ஜெர்மனி வழியாக வந்து ஹரோவிலும் குடியேறிவிட்டது.

இலையுதிர் காலத்துக் கொடுவாவை ஏமாற்றுவது பெரிய வித்தையல்ல, அதன் பேராசையைப் புரிந்துகொண்டால் போதும். குளிர் வரமுன் உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போகிற அவசரம் அதற்கு. கரையோரம் ஒதுங்கும் சின்ன மீன்களை விரட்டி விரட்டித் தின்னும். நான் உயிருள்ள இரை போடுவதில்லை. லூர் என்று சொல்கிற பொய் மீன்கள்தான். கோடையில் லூரைப் பின்தொடர்ந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற கொடுவா, ஐப்பசியில் அவ்வளவு யோசிப்பதில்லை.

எந்தப் பொய்யை எப்போது சொல்வது என்பதுதான் விஷயம். கடல் ஆடாமல் கிடக்கும் விடியலில், மேற்பரப்பில் நீந்துகிற லூர். காயப்பட்ட மீன் தடுமாறுவதுபோல அதை இடமும் வலமும் தலையாட்ட வைக்கவேண்டும். திடீரென்று தண்ணீர் வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கே தூண்டில் தடியை இழுக்கிறவர் மடையர். பாரம் கையில் தெரிந்த பிறகுதான் இழுக்கவேண்டும். காற்று அடித்து ஓய்கிற நாளில், நுரை இன்னும் வெள்ளையாக இருக்கும்போது, ஆழம் போகாத பிளாஸ்டிக் மீனை அந்த நுரைக்குள்ளேயே எறியவேண்டும். அலையில் புரண்டு தலைசுற்றிப்போன குஞ்சு மீன்களைத் தேடிக் கொடுவா அங்கேதான் நிற்கும்.

நான் போகிற ஷெப்பி தீவு தேம்ஸ் ஆறு கடலில் விழுகிற வாயில் கிடக்கிறது. அங்கே தண்ணீர் எப்போதும் பால் தேநீர் நிறம். மீன் கண்ணால் பார்த்து வருவதைவிட அதிர்வை உணர்ந்துதான் வரும். அதனால் துடுப்புப் போன்ற வால் வைத்த ரப்பர் மீன் போடுவேன். வால் அடிக்கிற அடி தடியின் நுனியில் தெரியவேண்டும். தூண்டில் முள்ளின் நுனியை ரப்பரின் முதுகுக்குள் ஒளித்துவிட்டால் பாசியில் கொழுவாது. நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையக் கதைப்பார்கள். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, இல்லையென்றால் கண்ணைக் குத்துகிற எலுமிச்சை மஞ்சள். மற்ற நிறமெல்லாம் வாங்க வருகிறவர்களைப் பிடிப்பதற்கு.

அப்பாவுக்காக முதல் தடவை போனபோது முழுத் தோல்வி. முந்தினநாள் காற்று கடலைக் கலக்கிச் சேறாக்கியிருந்தது. தண்ணீர் கொஞ்சம் தெளியும்வரை பொறுத்துத் திரும்பப் போனேன். அதற்குள் சஷ்டி தொடங்கிவிட்டது. எனக்குத் தெரியும். சாகக் கிடக்கிற மனிதருக்கு என்ன விரதம் என்று நினைத்தேன்.

கடல் பெருகி ஏற்றத்தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அதற்குக் குறுக்கே எறிந்தேன். ரப்பர் அடியைத் தொட்டது. பிறகு நான் சுருட்டவில்லை, நூல் தளராமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். நீரோட்டம் அதை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு வரும். வட்டம் முடிந்து நூல் நேராகிற இடத்தில், தப்பி ஓடுகிற மீன்போல ரப்பர் சட்டென்று மேலே எழும்பும். மீனின் அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான். அன்றும் அங்கேதான் விழுந்தது.

கரைக்கு இழுத்து அளந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் விட்டுவிடவேண்டும் என்பது சட்டம். இது தாராளமாக அதற்கு மேல். செவுளை விரித்து, முதுகு முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு என்னை முறைத்தது. தலையில் ஒரே அடி அடித்தேன். பாவம் பார்த்து மெல்ல அடித்தால் மீனுக்குத்தான் வேதனை.

என் பிளாட்டில் தலையும் நடுத்துண்டும் போட்டு, பச்சைமிளகாயைக் குறைத்து, தேங்காய்ப்பாலை விட்டு, கடைசியில் தேசிக்காய் பிழிந்து சொதி வைத்தேன். வடித்துப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு நேரே ஹரோவுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தார். பிளாஸ்கைப் பார்த்தார். உள்ளே போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"என்னது?"

"அப்பாவுக்குச் சொதி. கடல் மீன்."

"உனக்கு விசரே? சஷ்டி எல்லோ. வீட்டுக்குள்ள மச்சம் வரக்கூடாது."

"விரதம் உங்களுக்கு, அண்ணை. அவருக்கில்லை."

"ஆருக்காகப் பிடிக்கிறன்? அப்பா எழும்ப வேணும் எண்டு நாலு நாளாப் பச்சைத் தண்ணியில கிடக்கிறன். நீ ஒரு கோப்பைச் சொதியால எல்லாத்தையும் நாசமாக்கப் போறாய்."

அவர் பொய் சொல்லவில்லை. உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பக்தி வேஷம் போட்டிருந்தால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பேன். உண்மையான அன்போடு வழி மறிக்கிற ஆளை என்ன செய்வது?

முன் அறையில் இருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஆரது? மீன் வாசம் வருது."

"ஒண்டுமில்லை அப்பா. பக்கத்து வீட்டில சமைக்கினம்," என்றார் அண்ணன்.

"நான்தான் அப்பா. சொதி கொண்டு வந்தனான்," என்று கத்தினேன்.

அப்பா இருமினார். பிறகு, "சஷ்டி முடியட்டும் பிள்ளை. பிறகு கொண்டு வா. அண்ணையோட சண்டை பிடிக்காதை," என்றார்.

மகன் வீட்டில் கிடக்கிறவர் வேறென்ன சொல்வார்? நான் திரும்பி வந்துவிட்டேன். வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி, சொதியைக் குப்பைத் தொட்டிக்குள் ஊற்றினேன். அண்ணனையும் முருகனையும் ஒன்றாக வைத்துத் திட்டினேன்.

சஷ்டியின் கடைசி நாள், சூரன்போரன்று பின்னேரம் அப்பா போய்விட்டார். அண்ணன் அப்போது ஆர்ச்வே முருகன் கோயிலில் நின்றார். போன் எடுத்துச் சொன்னது நான்தான். "என்ர விரதத்தில என்ன பிழை?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். அந்த அழுகையைக் கேட்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, இருந்தது.

லண்டனில் எரிக்கத் தேதி கிடைப்பதற்கே நாள் எடுக்கும். அதனால் எட்டாம் நாள் செய்கிற எட்டுச்செலவை, எரித்த பிறகு வந்த சனிக்கிழமைக்கு வைத்தார்கள். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. மீன், இறைச்சி, குடித்தவரென்றால் விஸ்கியும் வைப்பார்கள். அண்ணன் போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு கொடுவா பிடிச்சுத் தர ஏலுமோ? அப்பா ஆசைப்பட்டவர் எல்லோ. வளர்ப்பு மீன் வைக்க மனம் வரேல்லை."

பிடிக்கிற ஆட்கள் இல்லை என்ற பேச்சு இந்த முறை வரவில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டார், நான் உடைந்துபோனேன்.

கடல் நன்றாகக் குளிர்ந்திருந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் மீன் துரத்தி வர மினக்கெடாது. வாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். வால் ஆடாத, நேரான வெள்ளை ரப்பரைப் போட்டு, இழுக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாத வேகத்தில் சுருட்டினேன். விரல் விறைத்து, இனிப் போவோம் என்று நினைத்தபோது பாரம் ஏறியது. முதல் மீனைவிடப் பெரிது.

எட்டன்று அண்ணி சொதி வைத்தார். அப்பாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த கொடுவா, ஒரு கோப்பை நிறையச் சொதி எல்லாம் வைத்தார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினார்கள். ஆட்கள் நின்றால் செத்தவர் வந்து சாப்பிட மாட்டார் என்பது நம்பிக்கை. நெருக்கியடித்துக்கொண்டு நடைவழியில் நின்றோம். சொந்தக்காரர் யாரோ கவுன்சில் வரியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அண்ணன் திரும்பி, கண் கலங்க, உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதேங்கோ. அப்பா ஆறுதலாச் சாப்பிடட்டும்."

என்னால் தாங்க முடியவில்லை. "உயிரோட கேட்கேக்க குடுக்க விடேல்லை. இப்ப கதவைச் சாத்திப்போட்டுக் காவல் நிக்கிறியளோ, அண்ணை?" என்றேன். வழியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. நான் கேட்டது விளங்காதவர்போல என்னைப் பார்த்தார்.

"இப்ப விரதம் முடிஞ்சுதுதானே," என்றார்.

பிறகு கதவைத் திறந்தார்கள். சொதி ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. அண்ணி அதை எடுத்துப்போய்ச் சட்டியில் இருந்ததோடு சேர்த்துச் சூடாக்கி, எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. குடித்தேன். நல்ல ருசியாகத்தான் இருந்தது.