அந்தோணியம்மாள் மீனை விட்டாள்

பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்குகிறவர்களுக்கு அந்தோணியம்மாளைத் தெரியாமல் இருக்காது. அடிமாட்டு விலைக்குக் கேட்டால் வாயாலேயே செதில் உரித்துவிடுவாள். அவள் மகள் ஈவ்லின் என் வகுப்பில் படித்தாள். பிறந்ததிலிருந்தே அந்தக் குழந்தைக்குத் தோலில் அரிப்பு, நெஞ்சில் இரைப்பு. மீன் வாடை பட்டால் கண் சிவந்து மூச்சு வாங்கும். அதனால் கடையிலிருந்து வந்ததும் தலைக்குக் குளிக்காமல், புடவை மாற்றாமல் அந்தோணியம்மாள் பிள்ளையைத் தொடமாட்டாள்.

சில வருஷம் முன்பு ஒரு மழைக்காலத்தில் ஈவ்லின் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். தூக்கத்தில் பாயை நனைத்தாள்.

"அலர்ஜி மாத்திர போட்டா வாய் காயும் டீச்சர். டாக்டரே சொல்லிக்கீறாரு," என்றாள் அந்தோணியம்மாள்.

அந்த மாத்திரைக்கு வாய் காயத்தான் செய்யும், அவளைக் குறை சொல்ல முடியாது. பிறகு பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. வழக்கமான இரைப்பு என்று தெருமுனை கிளினிக்கில் நெபுலைசர் வைத்து அனுப்பினார்கள். நினைவு தப்பிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருப்பது தெரிந்தது. டைப் ஒன் சர்க்கரை நோய். உயிர் பிழைத்தாள், ஆனால் ஆயுசுக்கும் இன்சுலின் ஊசி.

எதனால் வந்தது? தெருவில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பால் பவுடர் கொடுத்தது தப்பு, உப்புக்காற்று, மீன் அலர்ஜி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு ஊசி போட அந்தோணியம்மாள் தனியாகப் பழகியபோது ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை, காரணம் சொல்ல மட்டும் வரிசை கட்டினார்கள்.

"அலர்ஜி, வைரஸ் காய்ச்சல், கைக்குழந்தையில குடுத்த பால், எல்லாத்து மேலயும் சந்தேகம் இருக்கு," என்றார் பெரிய ஆஸ்பத்திரியில் ஈவ்லினைப் பார்த்த டாக்டர் சீதா. "சில ஆராய்ச்சி ஆமாங்குது, சிலது இல்லங்குது. உங்க பொண்ணுக்கு எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க தப்பு எதுவும் இல்லம்மா."

அவளுக்கு அது போதவில்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகன் ஆஸ்டினுக்கும் முழங்கை மடிப்பில் அதே அரிப்பு தொடங்கியிருந்தது. அவனையாவது காப்பாற்ற வேண்டும் என்று மீன் விற்பதை விட்டாள். கடலோரத்தையே விட்டாள். சைதாப்பேட்டையில் ஓர் அறை பிடித்து, அடையாறில் வீட்டு வேலைக்குப் போனாள். புருஷன் லாசர் கடலை விட்டு எங்கே போவான்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்துக்கொள்வதோடு சரி. சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டையில் வந்தாலும் பையனைத் தூக்க விடமாட்டாள். "உம்மேல கவுச்சி கீது, தொடாத," என்பாள். அந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நிற்பான்.

போன மாதம் ஆஸ்டினுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வாங்க நானும் கூடப் போயிருந்தேன். இவனுக்கு இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வரப்போவதற்கான அடையாளம் ரத்தத்தில் தெளிவாக இருக்கிறது, எப்போது என்பதுதான் தெரியாது என்றார் டாக்டர் சீதா.

அந்தோணியம்மாள் அழவில்லை.

"மீன வுட்டேன். கடல வுட்டேன். எங்கூட்டுக்காரர வுட்டேன். இன்னும் இன்னாத்த வுடணும், சொல்லுங்க, வுட்டுர்றேன்."

"விடறதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

அவள் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து டாக்டரின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எதுனா ஒண்ணு சொல்லுங்கம்மா. பொய்யா இருந்தாலும் பரவால்ல."