லைன்மேன் ஞானமணி ஆலயத்துக்குள் போகாத வருடம்

நான் வாழும் இந்தச் சிறிய ஜெர்மானிய நகரத்தில் பேருந்து குனியும். நிறுத்தத்தில் வந்து நின்றதும் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் கேட்கும். வாசல் பக்கம் மெல்ல நடைபாதையின் உயரத்துக்குத் தாழும். ஓட்டுநர் இறங்கி வந்து, மடித்து வைத்திருக்கும் பலகையை விரிப்பார். சக்கர நாற்காலியில் இருப்பவர் அதன் மேல் உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்த புதிதில் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றே நான் ஏற வேண்டிய பேருந்தை இரண்டு முறை விட்டிருக்கிறேன். காஞ்சிபுரத்துக்காரிக்குப் பேருந்து என்பது துரத்திப் பிடிக்க வேண்டிய ஒன்று. அது நமக்காகக் குனியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இங்கே முதியோர் இல்லமொன்றில் நான் செவிலி. ஒரு காலை வேலைக்குப் போகும்போது, நடுவயதுப் பெண் ஒருவர் தன் சக்கர நாற்காலியில் பலகை மேல் ஏறிக்கொண்டிருந்தார். பலகை மழையில் நனைந்திருந்தது. சக்கரம் வழுக்குவது போலத் தெரிந்ததும் நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன். அவர் சட்டென்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, “நைன்”, வேண்டாம், என்றார். அதன் பிறகு வேகமாக ஏதேதோ சொன்னார். எனக்கிருந்த அரைகுறை ஜெர்மனில், வேண்டாம் என்பதை மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, “பரவாயில்லை, எனக்குச் சிரமமில்லை” என்று சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஓட்டுநர் வந்து என் கையை எடுக்கச் சொன்னார். அந்த நாற்காலி அவருடைய உடம்பு மாதிரி, கேட்காமல் தொடக்கூடாது என்று உடன் வேலை செய்யும் பெண் பிற்பாடு விளக்கினாள். நான் தலையாட்டினேன். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் திட்டு வாங்கியதற்காக அல்ல. அவள் சொன்னது எனக்கு முன்பே தெரிந்த பாடம். பதினாறு வயதில், காஞ்சிபுரத்தில், என் அப்பா ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த பாடம்.

அப்பாவின் பெயர் ஞானமணி. மின்வாரியத்தில் லைன்மேன். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓசைக்கு நடுவே எங்கள் வாடகை வீடு. தெருவில் நாங்கள் ஒரே கிறிஸ்தவக் குடும்பம். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த அம்மா காலையிலேயே கிளம்பிவிடுவதால், எனக்கும் தங்கை எஸ்தருக்கும் தலை பின்னிவிடுவது அப்பாதான். கம்பத்தில் கயிறு கட்டும் கை அது. சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது, ஆனால் புருவம் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். மாலையில் குடும்ப ஜெபம் தவறாது. ஜெபத்தின் நடுவில் எங்காவது மின்சாரம் போய் அவருக்குத் தொலைபேசி வந்தால், கண்ணைத் திறக்காமலே, “ஆண்டவரே, ஐயம்பேட்டை இருட்டுல இருக்குது. மீதியை வந்து சொல்றேன்” என்று முடித்துவிட்டுச் சைக்கிளை எடுப்பார். வந்து மீதியைச் சொல்லவும் செய்வார்.

எஸ்தர் பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானது. அதனால் அவளுக்குக் கால்கள் நிற்கவில்லை. பேச்சு இழுத்து இழுத்து வரும். வலது கை மட்டும் சொன்னபடி கேட்கும். புத்தி எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை. அவளுக்குச் சோறு குழைத்து ஊட்டுவது, பள்ளிக்குச் சைக்கிளில் தனி இருக்கை கட்டி அழைத்துப் போவது, எல்லாம் அப்பாவே செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலயத்தின் ஒன்பது கல்படிகளையும் ஏறுவார். அவளுக்குப் பதினொரு வயதானபோது, கம்பத்திலிருந்து இறங்கும்போது அப்பாவின் தோள் பிசகியது. தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு சபை வாலிபர்கள் நான்கு பேர் அவளை, ஒரே கையால் ஓட்டும் அவளுடைய சக்கர நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல எண்ணத்தில்தான். பாதிப் படியில் நாற்காலி சாய்ந்து, அவள் பாவாடை தொடைக்கு மேலே ஏறிவிட்டது. அதை இழுத்துவிட அவளுக்குக் கை எட்டவில்லை. ஆராதனை முழுக்க அவள் குனிந்தே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும், “அப்பா, என்னை இனிமே யாரும் தூக்க வேணாம்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. அப்பா கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்து, “சரிம்மா” என்றார்.

மறுநாளே சபைச் செயலாளரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். படிகளின் ஓரமாகச் சாய்தளம் ஒன்று போட வேண்டும், உழைப்பைத் தானே தருவதாகச் சொன்னார். செயலாளருக்கு அந்தப் படிகள் மேல் பற்று அதிகம். அவருடைய தாத்தா கட்டிக்கொடுத்தவை.

“நாலு பசங்க தூக்கப் போறாங்க. இதுக்குப் போயி படியை இடிப்பாங்களா ஞானமணி?”

“அதுக்குத் தூக்கினா பிடிக்கலீங்க. சொல்லிட்டுது.”

“குழந்தை சொல்றதுதானே.”

“எனக்கு அது சொன்னா போதுங்க.”

அப்பா எழுந்து வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு, வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம், முதல் மணி அடிக்கும் முன்பே போய், ஆலய ஜன்னலுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் எஸ்தரின் நாற்காலி, அம்மா. உள்ளே சபையார் எழுந்து நின்றபோது அவரும் எழுந்தார். உள்ளே முழங்காலிட்டபோது மண்ணில் முழங்காலிட்டார். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எதையும் விடவில்லை. படி மட்டும் ஏறவில்லை.

நான் பாடகர் குழுவில் இருந்தேன். “நீ போயி பாடும்மா. ஜன்னல் வழியா கேக்கும்” என்று அப்பாவே அனுப்பினார். நான் போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. தோழிகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூசி, தெருவிலேயே வீட்டாரைவிட்டு முப்பதடி முன்னால் நடப்பேன், வேறு வீட்டுப் பெண் போல. எதிர்வீட்டு நெசவாளி ஏகாம்பரம் மாமா ஒருநாள் அப்பாவிடம், “சாமி கும்பிடற இடத்துல இன்னா சண்டை, லைன்மேனு?” என்று கேட்டார். “சண்டை இல்லபா. உக்காந்துக்கினு இருக்கேன்” என்றார் அப்பா.

முதல் மாதக் கடைசியில் போதகர் திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சை ரசப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே வந்தார். நல்ல மனிதர். அப்பா எழுந்து கைகட்டி நின்றார். “ஐயா, நாங்க நோயில படுத்துக் கெடக்கலை. வாசலுக்கு வந்து குடுக்காதீங்க. உள்ள வந்து எல்லாரோடவும் வாங்கிக்கிறோம்” என்றார். திருவிருந்துக்கு முந்தின நாள் முழுக்க உபவாசம் இருப்பவர் அவர். போதகர் திரும்பி நடந்தபோது அப்பா அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த வருடம் முழுக்க அவர் திருவிருந்தைத் தொடவில்லை.

ஈஸ்டர் அன்று எனக்குத் தனிப்பாட்டு. பாடும்போது கண் ஜன்னலுக்குப் போனது. அப்பா பாட்டுப் புத்தகத்தில் வரி வரியாக விரலை ஓட்ட, எஸ்தர் என்னோடு பாடிக்கொண்டிருந்தாள். எப்போதும் போல ஒரு சொல் பின்தங்கி, ஆனால் விடாமல். ஜன்னலைப் பார்த்தபடியே முடித்தேன். அடுத்த ஞாயிறு பாடகர் அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு மரத்தடிக்கு வந்தேன். அப்பா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

ஆடி மாதக் காற்றில் புழுதி பறந்த ஒரு ஞாயிறு, செயலாளரின் தாயார் தடியை ஊன்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். மூட்டு வலிக்காரர். “ரெண்டு வருசமா பல்லைக் கடிச்சிக்கினு ஏறிக்கினு இருக்கேன். இங்க காத்து நல்லா வருது” என்று சொல்லி, நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். செயலாளர் வந்து கூப்பிட்டார். “நீ போடா, மணி அடிக்கப் போவுது” என்றார் அந்த அம்மாள். அடுத்தடுத்த வாரங்களில் முழங்கால் தேய்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சபையின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகைக்கு மரத்தடியில் பதினான்கு பேர். அன்று போதகர் மேடையை விட்டு வந்து வாசலில் நின்று, உள்ளுக்கும் வெளிக்குமாகத் திரும்பித் திரும்பிப் பிரசங்கித்தார். அந்த வாரமே கமிட்டி கூடியது. முன்படியைத் தொடாமல், பக்கவாசலில் சாய்தளம் போடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “முன்வாசல்தான்” என்றார். இவ்வளவு உட்கார்ந்தவர் இன்னொரு வருடமும் உட்காரத் தயார் என்பது முகத்தில் தெரிந்தது. எஸ்தர்தான் அவரை நிறுத்தினாள். “உட்காந்தது எனக்காகத்தானே? அப்ப என்னைக் கேளு. பக்கவாசல் போதும். ஆனா, வழியில யாரும் செருப்பு விடக்கூடாது.” அப்பா சிரித்துவிட்டார்.

கொத்தனாரோடு அவரும் நின்று வேலை செய்தார். முதலில் போட்ட தளம் செங்குத்தாகிவிட்டது. எஸ்தரால் ஒற்றைக் கையால் ஏற முடியவில்லை. உடைத்து, இன்னும் நீளமாகப் போட்டார்கள். கிறிஸ்துமஸ் காலையில் அவள் தானாக உருட்டிக்கொண்டு ஏறினாள். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அப்பா பின்னாலேயே நடந்தார், கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு. அவள் நின்றபோதெல்லாம் அந்தக் கைகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டன; ஆனால் பிரியவில்லை. அன்று அவர் திருவிருந்து வாங்கினார்.

நான் படித்து, வேலைக்கு வந்து, இங்கேயே திருமணமாகி, இங்கே எனக்கொரு மகளும் பிறந்துவிட்டாள். ஓய்வுபெற்று செவிலிமேட்டில் சிறிய வீடு கட்டிய அப்பா, வாசல் நிலைகளையெல்லாம் எஸ்தரின் நாற்காலி அகலத்துக்கு வைத்தார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, காபி குடிக்க உட்கார்ந்தவர் எழவில்லை. நான் போய்ச் சேரும்வரை உடலை வைத்திருந்தார்கள். பெட்டியை ஆலயத்தின் பக்கவாசல் வழியாக ஏற்றச் சொன்னாள் எஸ்தர். பழைய செயலாளர் தடியோடு பின்னால் ஏறி வந்தார்.

அடக்கம் முடிந்ததும் அவளிடம் கேட்டேன்: “அம்மாவும் நீயும் எங்கூட வந்துடுங்க. அங்க உனக்கு எல்லாமே வசதியா இருக்குது.” இப்போது அவள் பட்டுப்புடவைக் கரைகளுக்குக் கணினியில் டிசைன் போடுகிறாள், அந்த ஒற்றை வலது கையால்தான். அவள் சொன்னாள்: “அங்க எல்லாரும் முடிச்சி வச்சிட்டாங்கக்கா. இங்க நான் போவாத எடம் இன்னும் எத்தினி இருக்குது தெரியுமா? ஒவ்வொண்ணா போறேன்.” நான் வற்புறுத்தவில்லை. இந்த நான்கு வருடத்தில் வங்கிக்கும் நூலகத்துக்கும் சாய்தளம் போட வைத்துவிட்டாள். இப்போது தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் கூப்பிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் பக்கத்தில் குடும்பத்துக்கு இடம் ஒதுக்குகிறார்களாம். “அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு எழுதிட்டேன். உனக்கு எழுதட்டுமா?” அப்போது என் முன்னால் சமையலறை மேசையில் ஜெர்மானியக் குடியுரிமைக்கான தாள்கள் கிடந்தன. அதில் கையெழுத்திட்டால் இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் இந்த ஊர்க்காரி. அவளை விட்டு நான் எங்கேயும் போகப் போவதில்லை.

“எழுது” என்றேன். “பேரை முழுசா எழுது, மெர்சி ஞானமணின்னு.”

போனை வைத்துவிட்டு, பேனாவை எடுத்து இந்தத் தாள்களிலும் கையெழுத்திட்டேன். இனி என் ஊருக்குள் நுழைய எனக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே ஆறடி மண் மட்டும் எதையும் கேட்காமல் என்னை உள்ளே விடும்.