மார்லிஸின் என்ஜினில் க்ரீம் ஊற்றியவர்

ஏப் வீபி தன் மைத்துனி மார்லிஸின் பைக் என்ஜினுக்குள் காப்பி க்ரீமை ஊற்றிவிட்டார் என்ற செய்தி, அந்தச் சனிக்கிழமை காலை பந்தயத் திடலை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டது. பைக்குகள்கூட அத்தனை வேகமாகச் சுற்றவில்லை. டீனா ஃபங்க்கின் உணவு வண்டியில் கிளம்பும்போது அது ஒரு சின்னக் குப்பி க்ரீம். டயர்க்காரர் கூடாரத்தை எட்டும்போது ஒரு ஜாடி. வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வாய்க்கு வந்தபோது நாலு லிட்டர் சாக்லெட் பால். வீபி வம்சமே அப்படித்தான் என்று கூடவே சேர்த்துச் சொன்னவரும் ஒரு வீபிதான்.

ஆதாரம் இல்லாமல் இல்லை. காலையில் ஏப் கையில் காப்பியும் க்ரீம் குப்பியுமாக மார்லிஸின் ட்ரெய்லரைச் சுற்றி வந்ததை நாலைந்து பேர் பார்த்திருந்தார்கள். பயிற்சி ஓட்டம் முடிந்து மார்லிஸ் வந்து நின்றபோது, என்ஜின் பக்கவாட்டில் ஆயில் தெரியும் சின்னக் கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது. நேற்றுவரை தேன் நிறத்தில் இருந்த ஆயில், இப்போது நுரை தட்டிய பால் காப்பியாகக் கிடந்தது. காரணத்தையும் யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. அந்த ஆண்டுக் கோப்பைக்கு ஏபும் மார்லிஸும் சம புள்ளியில் நின்றார்கள். மாலைப் பந்தயத்தில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குக் கோப்பை. வேறு எவன் தன் பணத்தில் க்ரீம் வாங்கி ஊற்றுவான்?

மார்லிஸ் டூர்க்சனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தென் மனிடோபாவில், ப்ளூமன்ஃபெல்ட் என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பேருந்தில் அவள் போகும் நிதானத்தைப் பார்த்துப் பெற்றோர்கள் நெகிழ்ந்துபோவார்கள். பிள்ளைகள் இறங்கி நடந்துவிடலாமா என்று யோசிப்பார்கள். பைக் அவளுடையதாக வந்ததல்ல. கணவர் பீட் ஏரிக்கரைக்கு உல்லாசமாகப் போய்வர வாங்கி, ஒரே கோடையில் முதுகு பிடித்துக்கொண்டு மூலையில் நிறுத்தியது. தோட்டத்தில் காய்த்துத் தள்ளிய சுரைக்காயை ஊருக்கெல்லாம் விநியோகிக்க மார்லிஸ் அதை எடுத்தாள். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் போலீஸ்காரர் மறித்தார். "அம்மா, இப்படித்தான் ஓட்டணும்னா அந்தப் பழைய விமானத் திடலுக்குப் போய் ஓட்டுங்க, அங்க உங்கள மாதிரி நிறையப் பேர் இருக்காங்க" என்றார். அபராதச் சீட்டை ஒரு கையிலும் சுரைக்காயை மறு கையிலும் வைத்துக்கொண்டு அவள் அதை யோசித்துப் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை போய்விட்டாள். அன்றிலிருந்து வருஷாவருஷம் இரண்டாம் இடம். முதலிடம் அக்கா ஹெல்காவின் புருஷன் ஏப். கிறிஸ்துமஸ் விருந்தில் வறுத்த வாத்துக்குப் பக்கத்தில் கோப்பையையும் கொண்டுவந்து வைக்கிற மனிதர்.

அதனால்தான் பந்தய இயக்குநர் கார்னி ஹீபெர்ட் ஒலிபெருக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து சொன்ன வார்த்தை அவள் காதில் பாகாய் இறங்கியது.

"மார்லிஸ், நீ ஒரு வார்த்தை சொல்லு போதும். ஏப் பேரைத் தூக்கிடறேன். கோப்பை உனக்கு. வண்டியக்கூட எடுக்க வேண்டாம்."

"நாளைக்குப் பந்தயத்தை வெச்சுக்கலாமே கார்னி? அதுக்குள்ள சரி பண்ணிடறேன்."

"ஞாயித்துக்கிழமையா? விளையாடறியா?"

ஞாயிறு பந்தயம் என்ற பேச்சே அங்கே கிடையாது. வைத்தால் தேவாலயச் சபையில் பாதிப் பேர் மனம் வருந்துவார்கள். மீதிப் பாதி பந்தயத்துக்கு வந்துவிடும். சபைப் பெரியவர்கள் அஞ்சுவது இரண்டாவதற்குத்தான். ஆக, மாலை நாலு மணிதான் கெடு.

மார்லிஸ் ஒரு சாசேஜ் பன்னைத் தின்று முடிக்கும் நேரம் யோசித்தாள். கோப்பை கண்முன்னால் ஆடியது. ஹெல்கா வீட்டு மேஜையில் இந்த வருஷம் வாத்துக்குப் பக்கத்தில் அதைத் தானே வைப்பதும், ஏப் முகம் போகிற போக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு சின்ன முள் உறுத்தியது. ஏப் சிக்கனக்காரர். காப்பிக்கே க்ரீமைச் சொட்டுச் சொட்டாக விடுகிறவர்.

நேராக உணவு வண்டிக்குப் போனாள்.

"டீனா, ஒரு சட்டியச் சூடு பண்ணிக் குடு."

"முட்டையா?"

"ஆயில்."

"ஏண்டி, உனக்குப் பித்துப் பிடிச்சிருச்சா? இது நேத்துதான் வாங்கின சட்டி!"

அதற்குள் மார்லிஸ் என்ஜினிலிருந்து எடுத்த ஒரு கரண்டி ஆயிலைச் சட்டியில் விட்டிருந்தாள். படபடவென்று பொரிந்தது, மழைத்துளி விழுந்த தோசைக்கல் மாதிரி. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பொரிந்து அடங்கியதும் சுத்தமான ஆயில்தான் மிச்சம். பக்கத்திலேயே ஒரு சொட்டு நிஜ க்ரீமை விட்டாள். அது சுருண்டு, பழுப்பேறி, தீய்ந்த பால் வாடை மூக்கைத் துளைத்தது.

"பாத்தியா? இதுல பால் இல்ல. வெறும் தண்ணி" என்றாள் மார்லிஸ்.

"அப்போ ஏப் தண்ணி ஊத்தியிருக்கார்" என்றாள் டீனா, நம்பிக்கை இழக்காமல்.

மார்லிஸ் ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே போகாத தண்ணீர் வேறு எங்கே போயிருக்கும்? வியாழக்கிழமை ராத்திரிதான் நினைவுக்கு வந்தது.

அந்தத் திடலில் ஒரு கண்டிப்பான விதி. ரேடியேட்டரில் உறையாத கூலண்ட் திரவம் ஊற்றக்கூடாது. தடத்தில் சிந்தினால் சோப்பு மாதிரி வழுக்கும். பின்னால் வருகிறவன் வைக்கோல் கட்டில் போய்த்தான் நிற்பான். அதனால் எல்லோரும் வெறும் தண்ணீர்தான். வெறும் தண்ணீர் உறையும் என்பது மனிடோபாவில் தவழும் குழந்தைக்கும் தெரியும். உறைபனி எச்சரிக்கை வந்த அன்றே தண்ணீரை வடித்துவிடுவார்கள். வியாழக்கிழமை மாலை வானொலியில் எச்சரிக்கை வந்தது. ப்ளூமன்ஃபெல்டே செடிகளை மூடப் போர்வையும் படுக்கை விரிப்புமாகத் தோட்டத்துக்கு ஓடியது. மார்லிஸும் ஓடினாள். வீட்டில் இருந்த துணியெல்லாம் தக்காளிக்குப் போயிற்று. போதாமல், ட்ரெய்லரில் ஏற்றி முற்றத்தில் நிறுத்தியிருந்த பைக்கின் மேலிருந்த கனத்த மெத்தைப் போர்வையையும் உருவிக்கொண்டுபோய்க் கடைசி வரிசைக்குப் போர்த்தினாள். வடிக்க மறந்த தண்ணீர் என்ஜினுக்குள் நின்றது. விடிந்தபோது மைனஸ் ஐந்து. தக்காளிக்கு ஒரு காயம் இல்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏப் பேரை அடிக்கக் கார்னி பேனாவோடு நின்றார். மார்லிஸ் அவர் கக்கத்திலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள். திடல் முழுக்கக் கேட்டது:

"ஏப் எதுவும் ஊத்தல! தக்காளிக்குப் போர்வை போத்திட்டு என்ஜின உறைய விட்டது நான்தான்! யார்கிட்டயாவது வாட்டர் பம்ப் சீல் இருக்கா?"

சிரிப்பு பெரிய அலையாகக் கிளம்பியது. தக்காளி என்று யாரோ கத்த, டயர்க்காரர் கூடாரம் அதையே ராகம் போட்டுப் பாடியது. சிரிப்புக்கு நடுவே சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டு ஏப் வந்து நின்றார். கையில் கருவிப்பெட்டி.

"தக்காளி பிழைச்சுதா?"

"பிழைச்சுது அத்தான்."

"அப்போ பெரிய நஷ்டம் இல்ல. நகரு."

"இருங்க. காலைல க்ரீமோட என் ட்ரெய்லர்கிட்ட என்ன வேலை?"

"உன் பின் டயர் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு வேவு பாக்க வந்தேன். வெறுங்கையோட வந்தா சந்தேகப்படுவாங்களேன்னு காப்பியோட வந்தேன்."

அவர் பைக்கும் அதே ரகம். வேனில் ஓர் உபரி பம்ப் வைத்திருந்தார். ஆனால் உடனே பம்ப்பில் கை வைக்கவில்லை. என்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தார்.

"குமிழி இல்ல. வெள்ளப் புகையும் இல்ல. மேல இருக்கற கேஸ்கட் தப்பிச்சுது. போனது பம்ப்புதான்."

பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. தண்ணீரைத் தடுக்கும் சீல் வளையம் போனால் தண்ணீர் அந்த வழியாக வெளியே ஒழுகி எச்சரிக்கும். மார்லிஸின் பைக்கில் அந்தத் துளையை வயல்பாதைக் களிமண் அடைத்து, செங்கல்லாக இறுகியிருந்தது. உறைந்த தண்ணீர் சீலைப் பிதுக்கியது. உருகிய தண்ணீர் வெளியே வழி இல்லாமல் அதற்கடுத்த ஆயில் சீலையும் தள்ளிக்கொண்டு ஆயிலோடு போய்க் கலந்தது.

"வண்டியக் கழுவற வழக்கமே கிடையாதா உனக்கு?"

"நீங்க கழுவிக் கழுவித்தான் உங்க வண்டில பெயின்ட் போயிருக்கு. பேசாம கழட்டுங்க. எனக்கு ஏன் உதவி பண்றீங்க? பேசாம இருந்தா கோப்பை உங்களுக்குத்தானே?"

"ஓட்டாம வாங்கின கோப்பையோட வீட்டுக்குப் போனா உங்க அக்கா கதவத் திறக்க மாட்டா."

ஏப் உபரி பம்ப்பிலிருந்த இரண்டு சீல்களையும் கழற்றி, அளவான ஒரு ஸ்பானர் சாக்கெட்டை வைத்துத் தட்டி மார்லிஸின் பம்ப்பில் உட்கார வைத்தார். திடலில் இருந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு டப்பா ஆயில் கொண்டுவந்தார்கள், காலையில் ஏபைத் திட்டியவர்கள் இரண்டிரண்டாக. ஊற்றுவது, என்ஜினைச் சூடாக்குவது, வடிப்பது. முதலில் வந்தது கெட்டிப் பால் காப்பி. அடுத்து பாலை அளந்து விட்ட டீ. அதற்கடுத்து பால் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போடுகிற டீ. கடைசியில் தேன். டீனா கைதட்டினாள். கார்னி கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். ஆயில் ஃபில்டரை மாற்றி, கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு மார்லிஸ் ஹெல்மெட்டை மாட்டும்போது மற்ற பைக்குகள் கோட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தன.

அந்தப் பந்தயத்தைப் பற்றி இப்போது ஊரில் ஆளுக்கொரு கதை. உள்ளது இதுதான். கடைசிச் சுற்றுவரை ஏப் முன்னால். மார்லிஸின் ஒரு கண் தடத்தில், ஒரு கண் ஆயில் விளக்கில். அது எரியவே இல்லை. சூரியகாந்தி வயலை ஒட்டிய கடைசி வளைவில் ஏபின் பின் டயர் லேசாக நழுவியது. அடுத்தவர் டயரை வேவு பார்த்த மனிதர் தன் டயரைப் பார்க்க மறந்திருந்தார். அந்த இடைவெளியில் மார்லிஸ் உள்பக்கமாக நுழைந்தாள். பள்ளிப் பேருந்தில் ஒரு நாளும் வராத கூச்சல் அவள் தொண்டையிலிருந்து கிளம்பியது. அரைச் சக்கர வித்தியாசத்தில் கோப்பை அவளுக்கு. கார்னி கொடியை வீசினாரா கை தவறி விட்டாரா என்று தெரியவில்லை, அது பறந்துபோய் டீனாவின் சட்டியில் விழுந்தது.

அடுத்த வாரம் மார்லிஸ் புத்தம் புது சீல் செட் ஒன்றை வாங்கிக்கொண்டு ஹெல்கா வீட்டுக்குப் போனாள். ஏப் சமையலறை மேஜையில் வெரெனிகே கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தார்.

"இந்தாங்க அத்தான். கணக்கு முடிஞ்சுது."

ஏப் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது புதுசு."

"ஆமா."

"நான் குடுத்தது பழசு. ரெண்டு வருஷம் ஓடிப் பழகினது. குடுத்தது எதுவோ அதைத்தான் வாங்குவேன்."

"அது என் என்ஜினுக்குள்ள இருக்கு!"

"அதுக்கென்ன, நானே வந்து கழட்டிக்கறேன். வசந்தத்துல, முதல் பந்தயத்துக்கு முந்தின நாள் சௌகரியப்படுமா?"

அடுப்படியில் ஹெல்கா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. மார்லிஸ் உறையை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். ஏப் அதை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். அது இப்போது ஹெல்காவின் உப்பு ஜாடிக்கும் மிளகு ஜாடிக்கும் நடுவே பிரிக்கப்படாமல் கிடக்கிறது. ஏபின் பழைய சீல் மார்லிஸின் என்ஜினில் இருக்கிறது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.