அம்மா பிடித்த வண்டுகள்

எங்கள் செந்தூல் பிளாட்டில் கரப்பான் பூச்சி தென்பட்டால் முதலில் வெளியேறுபவர் அம்மாதான். அப்பா வேலையிலிருந்து வந்து அதை அப்புறப்படுத்தும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவரின் தங்கை வண்டு ஆராய்ச்சிக்குப் போனதை அப்பா வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சித்தி சுபாங் ஜெயாவில் அறை எடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். கிள்ளான் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் பிடித்த காண்டாமிருக வண்டுகளை அளந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலமைப்பில் என்ன வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடும் செத்துக் காய்ந்த வண்டுகள் அடங்கிய பெட்டிகளோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சித்தி உள்ளே வரலாம், பெட்டிகள் செருப்பு அடுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அம்மா தீர்ப்பளித்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தி வாசலில் உட்கார்ந்து இடது கையால் அளக்கப் பார்த்தார். வண்டை யாராவது பிடித்துக்கொண்டால்தான் காலிப்பர் என்ற அளவுக் கருவியின் இரண்டு தாடைக்கும் நடுவே கொம்பை நிறுத்த முடியும். நான் பிடிக்க வந்தேன். நசுக்கிவிடுவேன் என்று சித்தி விடவில்லை. தனியாகவே முயன்றதில், இருந்ததிலேயே பெரிய ஆண் வண்டின் கொம்பு ஒடிந்துவிட்டது. அந்த மாதத்துக்குள் முடிக்காவிட்டால் படிப்பு அவ்வளவுதான் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள். சித்தி சத்தமில்லாமல் அழுதார்.

கரண்டியோடு வந்து பார்த்த அம்மா, உள்ளே போய் அடுப்பை அணைத்தார். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை முழங்கைவரை இழுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க புடிக்கணும், சொல்லு."

"ரெண்டு பக்கமும் புடி. மெதுவா, அக்கா."

அன்றிலிருந்து மத்தியானம் தோறும் வாசலில் இதுதான் வேலை. அம்மா பிடிப்பார், சித்தி அளந்து, இடது கையால் கணினியில் தட்டுவார். சின்னக் கொம்பைக் கண்டதும் அம்மா பெண் வண்டுகளின் தட்டில் வைக்கப் போவார். கொம்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது, சின்னக் கொம்பு ஆணும் உண்டு, பெண்ணுக்குத்தான் வால்பக்கம் அடர்ந்த முடி இருக்கும் என்று சித்தி தடுப்பார். இதைக் கேட்ட அப்பா ஒருநாள் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

மாதம் முடிவதற்குள் வேலை முடிந்தது. சித்தி இன்று மாணவர்களுக்கு அதே பாடம் சொல்லித் தருகிறார். அவருடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், பேராசிரியருக்கும் முன்னால், 'என் அக்காவின் கைகளுக்கு நன்றி' என்று இருக்கும்.

போன தீபாவளிக்கு அதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரே நாளில் அம்மாவுக்குப் பயம் போனது எனக்கு இன்னும் ஆச்சரியம் என்றேன். அம்மா அடுப்படியில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு சித்தி சொன்னார்:

"எங்க போச்சு? கடைசி வண்டு வரைக்கும் உங்கம்மா கை நடுங்கிச்சு லா. அது நிக்கட்டும்னு காத்திருந்துதான் ஒவ்வொண்ணையும் அளப்பேன்."

அந்த மத்தியானங்களில் ஒவ்வொரு வண்டுக்கும் இருவரும் சற்று நேரம் அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அளப்பது என்றால் அப்படித்தான் போலும் என்று நானும் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.