இறுகிய கை

எல்லைத் தகராறு சூடாக இருந்த நாட்கள். எந்த ஊர் ஆந்திராவில் இருக்கும், எது மதராஸோடு சேரும் என்று இரண்டு கட்சிக்காரர்களும் மனுக்களில் கைநாட்டு வாங்கிக்கொண்டு திரிந்தார்கள். நான் அப்போது சித்தூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

நகரிப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலில் மண்வெட்டி பட்ட புண்ணில் சாணி வைத்துக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்ததும் வந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. ரணஜன்னி, டெட்டனஸ். தாடை பூட்டிக்கொண்டு, உதடுகள் இரு பக்கமும் இழுபட்டு, பார்ப்பதற்குச் சிரிப்பது போல இருந்தது.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. கையை மடக்க ஒரு தசை, நீட்ட அதற்கு எதிரே இன்னொன்று. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த நோயில் எதுவும் விட்டுக்கொடுப்பதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்; முதுகுத் தசைகளுக்குப் பலம் அதிகம் என்பதால் உடம்பு பின்பக்கமாக வில் போல வளையும். லேசாகத் தொட்டாலோ வெளிச்சம் பட்டாலோ போதும். அதனால் அறையை இருட்டாக்கி வைத்திருந்தோம்.

நான்காம் நாள் அவர் மனைவி வெந்நீர் வாங்கப் போன நேரம், வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் உள்ளே புகுந்து, நோயாளியின் மூடிய கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைப்பெட்டி.

"தொடாதீங்க! இசிவு வந்துடும்!"

"ஒரே ஒரு ரேகைம்மா. ஊர்ல எல்லாரும் வெச்சிட்டாங்க, இவரு ஒருத்தரு தான் பாக்கி."

சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நெம்பினார். முன்கைத் தசைகள் கயிறாகப் புடைத்தன. மறு கணம் தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட, உடம்பு முழுவதும் மேலே எழும்பியது. பல்லிடுக்கில் ரத்தம் கலந்த நுரை. விரிப்பு ஈரமாகித் தரையில் சொட்டியது. அந்த ஆள் வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஒதுங்கிக்கொண்டு, காகிதத்தில் இருந்த மையை ஊதினார்.

"வந்துடுச்சும்மா," என்றார் திருப்தியாக.

சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்காரரும் வந்தார், வாசலிலேயே விரட்டினேன்.

விவசாயி பிழைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் வாய் ஒரு விரல் அகலம் திறந்தது. கஞ்சி ஊட்டும்போது கேட்டேன்: "அந்தாளு வந்தது ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"எல்லாம் தெரிஞ்சுகினு தான் இருந்திச்சி நர்ஸம்மா. வாய் தான் தொறக்கல. நீயும் இன்னொரு பொண்ணும் ஜன்னலாண்ட நின்னு சிரிச்சீங்களே, அதுவும் கேட்டுச்சி."

உண்மைதான். அவரைச் சேர்த்த முதல் நாள், அந்த இழுபட்ட முகத்தைக் காட்ட அடுத்த வார்டு நர்ஸை நான்தான் அழைத்து வந்திருந்தேன்.

அவர் குரலில் கோபமே இல்லை. கிண்ணத்தை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். நாற்றம் பழகிப்போயிருந்த எனக்கு அன்று என்னையே சகிக்க முடியவில்லை. அவர் ஊருக்குத் திரும்பிய நாள் வேண்டுமென்றே லீவு போட்டேன்.